ஐந்தாம் பத்தின் கருத்து

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஜெபமாலைக் குழுவில் ஓர் அக்காவிடம் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். சற்று நேரத்தில் அவர் ‘வெளியேறினார்’ என்று வாட்ஸாப் காட்டியது. அந்தக் கேள்வியை இப்போது ஏஞ்சலின் என்ற பெண்ணின் தலையில் கட்டப்போகிறேன். பாவம் அவள். ஆனாலும் எழுதக் கை பரபரக்கிறது!

2

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் மெல்ல

(வேண்டாம். காலை ஐந்தரைக்கு ஏது சூரியன்?)

ஐந்தரைக்கு ஏஞ்சலின் காதில் இயர்போனைச் செருகினாள். ஹாஸ்டலுக்கு வந்து மூன்று மாதம். ஆறு மணிக்குக் கம்பெனி பஸ். அதற்குள் வாட்ஸாப் குழு அழைப்பில் ஜெபமாலை. ஐந்து பேர் ஆளுக்கொரு பத்து எடுப்பார்கள். ஒரு பத்து என்றால் பத்து முறை ‘அருள் நிறைந்த மரியே’. எதற்காக வேண்டுகிறோம் என்பதை எடுப்பவர் முதலில் சொல்ல வேண்டும். அதற்குக் கருத்து என்று பெயர். வெளியே சொல்ல முடியாதவர்கள் “ஒரு தனிப்பட்ட கருத்துக்காக” என்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.*

* இதை எங்காவது எழுதி வைத்திருந்தால் நானும் தப்பியிருப்பேன்.

ஐந்தாம் பத்து எப்போதும் திருவள்ளூர் ஆரோக்கியமேரி அக்காவுடையது. ஏஞ்சலின் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் தினமும் “ஏஞ்சலின், வந்துட்டியா கண்ணு?” என்று கேட்கும் குரல் அது ஒன்றுதான். கும்மிடிப்பூண்டிக்கு வந்தபின் அவளை வேறு யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

3

அக்கா நாற்பது நாளாக ஒரே தனிப்பட்ட கருத்துக்காக வேண்டினார். ஏஞ்சலினுக்கு மனசு கேட்கவில்லை. எல்லாரும் பார்க்கிற குழுவில் குரல்பதிவு போட்டாள்: “அக்கா, அது இன்னா கருத்துக்கா? ஒடம்பு முடியலியா? மாமாகூட எதனா பிரச்சினையா?”

அன்பில்தான் கேட்டாள். (நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.)

இருபத்து மூன்று பேர் அந்தப் பதிவைக் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் அக்கா வெளியேறினார். ஏஞ்சலின் குழுவில் மன்னிப்பு எழுதிப் போட்டு அழித்தாள். மறுபடி போட்டு அழித்தாள். குழுவில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று வரிசையாக நின்றது. அது கேட்டதைவிட அசிங்கமாக இருந்தது. போன் போட்டாலும் அக்கா எடுக்கவில்லை.

4

இந்தப் பகுதி நீக்கப்பட்டது.

(அக்காவின் கருத்து என்ன என்று இங்கே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. படித்துப் பார்த்தால், அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பதிலையும் நானே சொல்லியிருக்கிறேன். வெட்கமாகிவிட்டது.)

5

அக்கா வரவே இல்லை என்று முடிக்கலாம். வந்து எல்லாவற்றையும் கொட்டி அழுதார் என்றும் முடிக்கலாம். அது நீக்கிய பகுதியோடு போயிற்று. மூன்றாவதாக ஒன்று தோன்றியதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்!

மறுநாள் ஐந்தாம் பத்துக்கு ஆள் இல்லை. குழுவை நடத்தும் ராபின் அண்ணன் இரண்டு முறை கேட்டார். ஏஞ்சலின் மைக்கைத் திறந்தாள்.

“மேரி அக்காவோட கருத்துக்காக. அது இன்னான்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லத் தொடங்கினாள். பயத்தில் எண்ணிக்கையைக் கவனிக்கவில்லை. முடித்ததும் மைக்கை மூடப்போனாள்.

“ஒம்போதுதான் சொன்னே கண்ணு,” என்றது அந்தக் குரல். ராபின் அண்ணன் அக்காவுக்கு எப்போது லிங்க் அனுப்பினாரோ. “பத்தாவத நான் சொல்றேன்.”

6

ஏஞ்சலினுக்கு நடந்துவிட்டது. எனக்கு இன்னும் நடக்கவில்லை. எங்கள் அக்கா குழுவை விட்டுப் போய் இரண்டு மாதமாகிறது. இத்தனையும் எழுதியபின் எங்கள் அட்மினிடம் சொல்லி அவருக்கும் லிங்க் அனுப்பச் சொன்னேன். நாளைக் காலை ஐந்தாம் பத்து என்னுடையது. வேண்டுமென்றே ஒன்பதோடு நிறுத்தப்போகிறேன்.

அவர் வந்தாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். இதைப் படிக்கிற நேரம் உங்களுக்குக் காலை ஐந்தரையாக இருந்தால், பத்தாவதை நீங்களும் சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுங்கள். அந்த இடம் அவருடையது.