வலது பக்கச் சட்டம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி காருக்குப் பின்னால் ட்ரெய்லரில் படகை இழுத்துக்கொண்டு கடலுக்குக் கிளம்பினான். ஏழே முக்காலுக்கு அவள் பட்டறைத் தரையைப் பெருக்கப் போனாள். ஒரு வாரமாக ட்ரெய்லர் நின்றிருந்த இடத்தில், அதன் வால்பக்கம் இருந்த மூலையில், துடைப்பத்தில் ஏதோ சரக்கென்று இடறியது. குனிந்து எடுத்தாள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துருச் செதில். நாலைந்து அடுக்காக, பிஸ்கட் கனத்துக்கு இருந்தது.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கத்திலும் பெயின்ட் இல்லை. புது நீலமும் இல்லை, பழைய சாம்பலும் இல்லை. அப்படியானால் வெளியிலிருந்து உதிர்ந்ததாக இருக்க முடியாது. ட்ரெய்லர் சட்டத்தின் உள்ளேயிருந்து விழுந்தது. தொட்டால் ஈரமாக இருந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். கரித்தது.

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனைத் தேடி ஓடினாள்.

வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பது அவள் தொழில். வீட்டை ஒட்டினாற்போல் தகரக் கூரை போட்ட பட்டறை. வேலையில் குறை சொல்ல ஆளில்லை, வாயில்தான் குறை. எந்த வண்டி வந்தாலும் முதலில் அவள் சொல்வது, "இது கூடாது, அது கூடாது" என்பதாகவே இருக்கும். தெருவில் அவளுக்கு 'கூடாதக்கா' என்றே பேர் ஆகிவிட்டது. அந்தப் பேரை வைத்தவனே தம்பிதான். சின்ன வயதில் செல்லமாக வைத்தது, பிறகு செல்லம் போய்ப் பேர் மட்டும் நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் ஒரு பழைய கார் வாங்கப் போனான். மாமனார் வீட்டு ஆட்கள் சுற்றி நிற்க, இவள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "கூடாது" என்றாள். சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அவன் முகம் செத்துப்போனது. "என் சந்தோஷத்துல மண்ணள்ளிப் போடறதுக்குன்னே இருக்கியா நீ?" என்று கேட்டுவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. பேச்சும் இல்லை. அவனுடைய மகள் பேசக் கற்றுக்கொண்டதைக்கூட இவள் அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

போன சனிக்கிழமை அவனாகவே வந்து நின்றான். பின்னால் துருவேறிய ட்ரெய்லர். "செகண்ட் ஹேண்ட்ல படகு வாங்கியிருக்கேன்க்கா. இதுக்குத் துரு எடுத்து நல்லா ஒரு பெயின்ட் அடிச்சுக் குடு. அடுத்த சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டுக் கடலுக்குப் போறோம்" என்றான். இரண்டு வருடம் எதுவுமே நடக்காத மாதிரி.

அவள் விழுந்து விழுந்து வேலை செய்தாள். முதல் நாள் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி உப்பையெல்லாம் கழுவினாள். மறுநாள் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவைச் சுரண்டினாள். மூக்கைக் கட்டியிருந்தும் துப்பினால் எச்சில் செங்கல் நிறத்தில் வந்தது. மூலைமுடுக்கெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தாள். பிறகு சுத்தியலை எடுத்து, சட்டம் முழுக்கச் சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே வந்தாள். நல்ல இரும்பு ணங்கென்று பதில் சொல்லும். எல்லா இடமும் சொன்னது, ஓரிடம் தவிர. வலது பக்கச் சட்டத்தில், சக்கரத்துக்கு மேலே பட்டை ஸ்பிரிங் வந்து மாட்டுகிற இடத்தில், தொப்பென்றது.

இன்னொரு தரம் தட்டினாள். அதே தொப்.

சட்டம் உள்ளே கூடான குழாய். கடலில் இறக்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கும். வால்முனையில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தும் விட்டாள். அந்த நேரம் பார்த்துத் தம்பி பிளாஸ்கில் டீயோடு வந்தான். பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இந்த ரெண்டு வருஷமும் நல்லாவே இல்லக்கா," என்றான் டம்ளரைப் பார்த்தபடி. அப்புறம் சிரித்தான். "என்ன, எப்படியிருக்கு? கூடாதுன்னு மட்டும் சொல்லிடாத. கடலுக்குப் போற சந்தோஷத்துல பாப்பா தூங்கறதே இல்ல."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் தட்டிப் பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு."

டயர் அழுத்துவதால் சத்தம் அப்படிக் கேட்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துருவைக் கறுப்பாக்கிக் கட்டிப்போடும் திரவத்தைத் தடவினாள், இரண்டு கை பிரைமர், இரண்டு கை நீலம். அந்தத் தொப்பென்ற இடத்துக்கு மட்டும் மூன்றாவது கையும் அடித்தாள். இன்று காலை தம்பி கிளம்பியபோது ட்ரெய்லர் கண்ணாடி மாதிரி மின்னியது. காரில் மாட்டி இழுத்தபோது குலுங்கிய முதல் குலுங்கலில்தான் மூடியின் உடைந்த ஓரம் வழியாக அந்தச் செதில் விழுந்திருக்க வேண்டும்.

தம்பி போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவன் எடுக்கமாட்டான். அந்தப் பழக்கத்தையும் அவள்தான் திட்டித் திட்டி உண்டாக்கியிருந்தாள். தம்பி மனைவியின் போன் மணியடித்து மணியடித்து ஓய்ந்தது.

"ஏங்க! காரை எடுங்க!"

அவள் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சு பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டார். ஆனால் இருபது வருடம் குழந்தைகளை ஏற்றி இறக்கிய கால், ஆக்சிலேட்டரை மிதிக்க மறுத்தது.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."

"எண்பதுக்கு மேல இந்த வண்டி ஆடும். நாம போய்ச் சேரணுமா வேண்டாமா?"

"அவன் படகை இழுத்துட்டு அறுபதுலதான் போவான். எட்டிப் பிடிச்சிடலாம்ல?"

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார் போலிருந்தது. "இறக்கம் வர்றதுக்கு முன்னால முடியாது," என்றார்.

நூறு கிலோமீட்டர்வரை சமதளம்தான். அதற்குப் பிறகு சாலை வளைந்து வளைந்து கடலை நோக்கி இறங்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது படகின் பாரம் முழுக்கச் சட்டத்தின்மேல்தான் வந்து முட்டும். சட்டம் மடங்கினால் சக்கரம் பிய்த்துக்கொள்ளும். சக்கரம் போனால் ட்ரெய்லர் காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பின் சீட்டில் நாலு வயதுக் குழந்தை. அவள் கண்ணை மூடினால் அந்தப் படமே ஓடியது. அதனால் கண்ணை மூடாமல், சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நீலமாக எது தெரிந்தாலும் நெஞ்சு நின்று போய்விடும். ஓரிடத்தில் தார்ப்பாய், ஓரிடத்தில் தண்ணீர்த் தொட்டி. ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் கூட்டம் கூடியிருந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திவிட்டாள். லாரி ஒன்று பஞ்சராகி நின்றது. சுற்றி நின்றவர்கள் அவளை விநோதமாகப் பார்த்தார்கள்.

"நீ தட்டிப் பாத்தியே, அப்ப ஒண்ணும் தெரியலையா?" என்று கணவர் கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. சும்மாதான் கேட்டார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டே முக்காலுக்குப் போன் அடித்தது. தம்பி மனைவி.

"அண்ணி, என்னாச்சு? பதினாலு தடவை கூப்பிட்டிருக்கீங்க. போன் பையில கிடந்தது. பாப்பாவுக்கு ஒண்ணுக்கு வந்துச்சுன்னு இப்பதான் நிறுத்துனோம்."

"எங்க இருக்கீங்க?"

"இறக்கத்துக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர்னு போர்டு இருக்கு. ஒரு டீக்கடை வாசல்ல."

அவள் மூச்சு விட்டாள். "அங்கேயே இருங்க. வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க. அவன்கிட்ட போனைக் குடும்மா."

தம்பியின் குரல் வந்தது. "என்னக்கா?"

"வண்டிய எடுக்காத. வலது பக்கச் சட்டம் உள்ள துருப்பிடிச்சு அரிச்சிருக்கு."

அவன் சிரித்தான். சிரிப்பில் பழைய கசப்பு. "நான் கிளம்பினப்புறம்கூட உன்னால சும்மா இருக்க முடியல, இல்ல? நீதானே பெயின்ட் அடிச்ச? நீதானே எல்லாம் தட்டிப் பாத்துட்டேன், நல்லாருக்குன்ன?"

"பொய் சொன்னேன்."

"என்னது?"

"அந்த இடத்துல சத்தம் சரியில்ல. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அரை மணி நேரத்துல வந்துடறோம். அதுவரைக்கும் நில்லுப்பா. உன் கால்ல விழறேன்."

போன் கட்டாகிவிட்டது. நிற்பானா, கோபத்தில் கிளம்பிவிடுவானா என்று தெரியவில்லை. கணவர் பக்கவாட்டில் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, அவள் கேட்காமலே, முள் எண்பதைத் தாண்டியது. கார் கிடுகிடுவென்று ஆடியது. அவர் கண்டுகொள்ளவில்லை.

டீக்கடை வாசலில் ட்ரெய்லர் நின்றிருந்தது. கார் நிற்பதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். தம்பி கைகட்டிக்கொண்டு நின்றான். அவன் மனைவி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அவள் யாரிடமும் எதுவும் பேசாமல் டயர் பக்கத்தில் மண்டியிட்டாள். கையோடு கொண்டுவந்த ஸ்க்ரூடிரைவரைத் தொப்பென்ற இடத்தில் வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். புது நீலத்தில் ஒரு கீறல் விழுந்ததே தவிர இரும்பு அசையவில்லை. சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"போதுமா?" என்றான் தம்பி.

ஒருவேளை ஒன்றுமே இல்லையோ? இவ்வளவு தூரம் ஓடிவந்து, பொய் சொன்னேன் என்று வேறு சொல்லி, குழந்தையின் பயணத்தைக் கெடுத்து... எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. வால்பக்கம் போய் பிளாஸ்டிக் மூடியின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினாள். பெயின்டில் ஒட்டிக்கொண்டிருந்த மூடி டப்பென்று தெறித்தது.

உள்ளேயிருந்து செதில் செதிலாகத் துரு கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் காவி நிறத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு வழிந்து அவள் முழங்காலை நனைத்தது. அவள் கணவரிடமிருந்து டார்ச்சை வாங்கி உள்ளே அடித்தாள். ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்குக் கீழே, சட்டத்தின் அடித்தகடு சல்லடையாக அரித்திருந்தது, ஓட்டைகளைப் பெயின்ட் மட்டுமே மூடியிருந்தது. அவள் அழுத்திப் பார்த்தது பக்கத்தகடு. கெட்டுப்போனது அடி.

"கீழேயிருந்து பாரு," என்றாள்.

தம்பி மண்ணில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். கட்டைவிரலை வைத்து அழுத்தினான். நீலப் பெயின்ட் தோல் மாதிரி உள்வாங்கியது. விரல் நகக்கண்வரை உள்ளே போய்விட்டது.

அவன் வெளியே வர ரொம்ப நேரமானது. வந்ததும் விரலைப் பார்த்தான். மனைவியின் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான்.

"ஏன் சொல்லல?"

"மறுபடியும் போயிடுவியோன்னு."

"ஆமா, கத்தியிருப்பேன். கோவிச்சுட்டுப் போயிருப்பேன். அதுக்காக?" குரல் உடைந்தது. "நான் கத்தினா நீ செத்தா போயிடுவ? ரெண்டு நாள்ல வந்திருப்பேன். நாலு வருஷம் கழிச்சாவது வந்திருப்பேன். இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா எங்கக்கா வருவேன் நான்?"

அவள் துரு ஒட்டிய கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். தம்பி மனைவிதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொண்டுவந்து, "முதல்ல கைய நீட்டுங்க அண்ணி," என்றாள்.

"அத்தை, படகு உடைஞ்சிடுச்சா?" என்று குழந்தை கேட்டது.

"படகு நல்லாருக்கு கண்ணு. அதோட வண்டிக்குத்தான் உடம்பு சரியில்ல."

"ஊசி போடணுமா?"

"ஆபரேஷனே பண்ணணும்," என்றார் அவள் கணவர். தம்பிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

தட்டை லாரி வந்து படகையும் ட்ரெய்லரையும் ஏற்றிக்கொண்டு போக மத்தியானமாகிவிட்டது. அதற்குள் தம்பியும் மனைவியும் வெறும் காரில் குழந்தைக்குக் கடலைக் காட்டிவிட்டு வந்தார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். லாரியில் படகு ஏறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று அவள் போகவில்லை.

மறுவாரம் வெல்டர் ஒருவரை வைத்து வலது பக்கச் சட்டத்தை அறுத்தெடுத்தார்கள். இடது பக்கமும் பாதி போயிருந்தது. இரண்டுக்கும் கூடான குழாய் வேண்டாம், தண்ணீர் தங்காதபடி ஒரு பக்கம் திறந்த கனமான சட்டம் போடலாம் என்று அவள் சொன்னாள். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று தம்பி அரை மணி நேரம் கத்தினான். அவள் அசையவில்லை. கையெட்டாத இடமே இல்லாதபடி பிரைமர் அடித்தாள். அச்சு, ஸ்பிரிங், நட்டு எல்லாவற்றிலும் கிரீஸ் பூசினாள். தம்பியைக் கூப்பிட்டு, சுத்தியலை அவன் கையில் கொடுத்து, முனைக்கு முனை தட்டச் சொன்னாள். அவன் தட்டத் தட்டக் கண்ணை மூடிக் கேட்டாள். இரண்டு இடத்தில் மறுபடி தட்டச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் திரும்பவும் கடலுக்குக் கிளம்பினார்கள். கார் தெருமுனை தாண்டியதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணவரைக் கிளப்பிக்கொண்டு பின்னாலேயே போனாள். ட்ரெய்லரின் வலது சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டாவது கிலோமீட்டரில் தம்பி ஓரமாக நிறுத்தி, இறங்கி நடந்து வந்து, அவள் பக்க ஜன்னலைத் தட்டினான்.

"நீ இப்படிப் பின்னாலயே வந்தா எனக்குக் கை நடுங்குதுக்கா. வீட்டுக்குப் போ."

"பிரேக் பிடிக்கும்போது ஏதாவது சத்தம்..."

"கேட்டா நிறுத்திடுவேன். உனக்குப் போன் பண்ணுவேன். போதுமா?"

அவள் தலையாட்டினாள். அவர்கள் கார் சிறுத்துச் சிறுத்து வளைவில் மறையும்வரை கணவர் வண்டியைத் திருப்பவில்லை. பதினோரு மணிக்குத் தம்பி மனைவி ஒரு படம் அனுப்பியிருந்தாள். தண்ணீரில் படகு. அதில் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுக்குள் முகம் மட்டும் தெரிகிற மாதிரி குழந்தை. அவள் படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் பாதி தெரிந்த ட்ரெய்லரைத்தான் முதலில் பார்த்தாள்.