சஹ்யாவின் ஆறாவது வரைபடம்

மேசை மேல் விரித்திருந்த வரைபடத்தில் வைஜயந்தியின் கண் முதலில் போனது வலது மூலையில் இருந்த சின்னக் கட்டத்துக்கு. தேதி, மாற்றம், காரணம் என்று மூன்று பத்தி. காரணம் எழுத முடியாத மாற்றத்தைச் செய்யவே கூடாது என்பது அவள் கணவர் சந்தானத்தின் சட்டம். சஹ்யா பேனாவை வடிவமைத்தவர் அவர். இறந்து எட்டு மாதம் ஆகிறது.

"திங்கக்கெழமை அச்சு வெட்டக் குடுக்கறோம் ஆன்ட்டி," என்றான் கௌஷிக். ஹடப்சரில் அந்தப் பேனாத் தொழிற்சாலையை அப்பாவுக்குப் பின் நடத்துபவன். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். "அங்கிளோட கடைசி டிராயிங். ஏக்தம் அப்படியே எடுத்திருக்கோம். பேனா மேல அங்கிள் பேரு. நீங்க எழுதிப் பாத்து ஓகே சொன்னா போதும்."

எந்த சஹ்யாவும் அவள் எழுதிப் பார்க்காமல் கடைக்குப் போனதில்லை. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை அது.

அவள் கட்டத்தை மேலிருந்து படித்தாள். முதல் சஹ்யா, எண்பத்தாறில் வந்தது, பாதி காலியானால் கைச்சூட்டில் மையைக் கக்கியது. நிப்புக்கு அடியில் மை இறக்கும் நாக்கட்டையை மாற்றிவிட்டு, 'என் தவறு' என்று எழுதியிருந்தார். மூன்றாவதில் கிளிப் குட்டையானது; காரணம், சட்டைப் பை கிழிகிறது. நான்காவதில் ஃபில்லரை வைத்து மை ஊற்றும் வேலை போய், திருகினால் தானே உறிஞ்சும் குழாய் வந்தது. ஐந்தாவதில் கழுத்துப் பக்கத்தில் மூடி திருகும் மரை மேலே ஏறியது. காரணம், 'வைஜயந்தியின் நடுவிரல்.' அந்த வரியைத் தொழிற்சாலையில் ஆறு மாதம் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆறாவது: விரல் பிடிக்கும் இடம் பத்தரை மில்லிமீட்டரிலிருந்து பதின்மூன்று. காரணம், 'வசதிக்காக.'

அவ்வளவுதான். எதற்கு வசதி, யாருக்கு வசதி, ஒன்றும் இல்லை. அந்த மனிதர் எழுதிய ஒரே சோம்பேறிக் காரணம்.

கௌஷிக் கடைந்து வைத்திருந்த மாதிரிப் பேனாவை நீட்டினான். அவள் இரண்டு பக்கம் எழுதினாள். முதல் பக்கம் முடிவதற்குள் கட்டை விரலடி இறுகியது. இரண்டாம் பக்கத்தில் எழுத்து பருத்து வரியை விட்டு வெளியே வழிந்தது. ஆனால் எழுதுவதற்கு முன்பே, தொட்டவுடனேயே, அவளுக்கு அந்தப் பருமனைத் தெரியும்.

கோந்த்வா வீட்டில், போன வருடம், மருந்து ஏறி ஏறிச் சந்தானத்தின் விரல்கள் மரத்துப்போயின. மடக்க வரவில்லை. பழைய பனியனைக் கிழித்துப் பேனா மேல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தச் சுற்றில் பேனா விரலுக்குள் நின்றதோ, அங்கே காலிப்பரை வைத்து அளக்கச் சொன்னார். பதின்மூன்று. "ஆபீஸ்ல சொல்லிராத வைஜி," என்றார். "கை போயிருச்சுன்னு தெரிஞ்சா, நான் போடற ஒவ்வொரு கோட்டையும் பாவம்னு பாப்பாங்க." சொல்லமாட்டேன் என்றாள். சொல்லவும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்றான் கௌஷிக். "மோட்டா, தடி பேனாதான் இப்ப ஃபேஷன். அங்கிள் முன்னாடியே யோசிச்சிருக்கார் பாருங்க."

"இத வெட்டாத கண்ணு."

"அரே ஆன்ட்டி! ஏன்?"

"பழைய பிடியே இருக்கட்டும். பத்தரை."

"அங்கிள் போட்டத நான் எப்படி மாத்தறது? நீங்களே சொல்லுங்க. காரணம் கேட்டா என்ன எழுதறது? வைஜயந்தியின் கட்டை விரலா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடங்கிய பிறகு யோசித்தாள். இதை இப்போது விட்டால், அவர் பேர் பொறித்த பேனாவை வாங்குகிறவர்கள் ஒரு பக்கம் எழுதிவிட்டு டிராயரில் போட்டுவிடுவார்கள். தடுக்க வேண்டுமானால், கொடுத்த வாக்கை உடைக்க வேண்டும். 'என் தவறு' என்று இவ்வளவு பேர் பார்க்கும் காகிதத்தில் எழுதிய ஆள், எதை மறைத்திருந்தாலும் பேனாவின் தவறை மறைக்கச் சொல்லியிருக்க மாட்டார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"அது ஃபேஷன் இல்ல கௌஷிக். அவருக்கு விரல் மடங்கல. மடங்காத கைக்குப் போட்ட அளவு அது. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னாரு. நான் சொல்றேன்."

கௌஷிக் வரைபடத்தின் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு, "வாரா வாரம் டிராயிங் அனுப்பினாரே," என்றான்.

"ஒரு கோடு போட அரை மணி ஆகும். போட்டாரு."

அவள் ஆறாவது வரியை ஸ்கேல் வைத்து அடித்தாள். கீழே, பத்தரை என்று எழுதினாள். காரணம்: 'முந்தைய அளவு நோயுற்ற கைக்கானது.' தன் பேரைப் போட்டாள்.

கௌஷிக் மோட்டா பேனாவை எடுத்துக் குப்பைக்கூடைப் பக்கம் பார்த்தான்.

"அத எங்க கொண்டு போற? வை இங்க."

"இத வேணாம்னுதானே சொன்னீங்க?"

"சஹ்யாவுக்கு வேணாம். விரல் மடங்காதவங்க ஊர்ல எத்தன பேரு இருக்காங்க! அவங்களுக்குத் தனியா போடு. அவர் பேர அதுல வை."

"பேர் எப்படி வந்துதுன்னு கேப்பாங்க ஆன்ட்டி."

"கேக்கட்டும். சொல்லு." அவள் பேனாவை வாங்கி மூடியைத் திருகிப் பார்த்தாள். "ஆனா இந்த மூடி உதவாது. விரல் மடங்காதவன் எப்படித் திருகுவான்? ஒரு கையால இழுத்தா வர்ற மாதிரி யோசி. அவருக்குத் தெனமும் நான்தான் தொறந்து குடுத்தேன். எல்லார் வீட்லயும் ஆள் இருக்காது."