வெள்ளிக்கிழமைக் குரல்

புந்தோங் முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. நவமணி நிற்கவில்லை.

பக்கத்து இருக்கையில், அண்ணன் முறை வைத்து அவள் 'நானா' என்று அழைக்கும் ஜைனுலாப்தீன் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா போ தங்கச்சி. எண்பத்திரெண்டு வருஷம் பத்திரமா வந்துட்டேன், இன்னைக்குக் கவுத்துடாதே."

"மெதுவா போனா எங்கப்பா கிணத்துக்குள்ள கிடப்பாரு நானா."

கைப்பேசி அலறியது. மண்வாரி இயந்திரம் ஓட்டும் தேவன்.

"அக்கா, எங்க இருக்கீங்க? கால ரெண்டையும் கிணத்துக்குள்ள தொங்க விட்டுட்டு உக்காந்திருக்காரு. கிட்டப் போனா குதிச்சிருவேன்றாரு. பாஸ் வேற கத்துறாரு லா!"

"கால் மணி நேரம் தம்பி. பேச்சு குடுத்துக்கிட்டே இருங்க."

உடையப்பனுக்குத் தொண்ணூறு வயது. தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்தில் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது வரிசை வீடுகள் வரப்போகின்றன. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றை இன்று மூடுகிறார்கள் என்று தோட்டத்து வாட்சப் குழுவில் சேதி வந்தது. நேற்று அப்பாவுக்குச் சோறு போடும்போது நவமணிதான் அதைச் சொன்னாள். காலையில் அவள் வெளியே போன நேரம் பார்த்து, கிழவர் டாக்சி பிடித்துவிட்டார். கழுத்தில் அவள் மாட்டிவிட்ட அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் தேவன் அழைத்திருந்தான்.

அந்த அழைப்பு வந்தபோது, ஈப்போவில் ஜைனுலாப்தீனுடைய மகன் நடத்தும் நாசி கண்டார் சோற்றுக்கடையில், நவமணி தன் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு.

'ரயிலடி பங்களா' என்ற வானொலி நாடகம். வெள்ளிக்கிழமை தோறும் இரவு எட்டு மணிக்கு. கதவைத் தட்டும் ஓசை, மழை ஓசை, ரயில் ஓசை எல்லாம் கோலாலம்பூர் நிலையத்தில் ஜைனுலாப்தீனின் கைவேலை. கதாநாயகியின் குரல் இருளாயி. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் பெண், நவமணியின் அம்மா. சனிக்கிழமை ரயிலேறிப் போவாள், நடிப்பாள், திங்கள் விடியலில் பால் வாளியைத் தூக்குவாள். அந்தக் குழுவில் இன்று உயிரோடு இருப்பவர் ஜைனுலாப்தீன் மட்டும். அவரிடம் ஒரு பழைய ஒலிநாடா இருந்தது. அதைக் கைப்பேசிக்கு மாற்றி வைத்திருந்தார். இப்போது காரை விரட்டிக்கொண்டே நவமணி அவரைக் கேட்டாள்.

"நானா, இப்பவாச்சும் சொல்லுங்க. அம்மா அப்புறம் எங்க போனாங்க? உயிரோட இருந்தா எண்பது தாண்டியிருக்கும். திட்டறதுக்கு இல்ல. ஒரு தடவை பாக்கணும், அவ்வளவுதான்."

"எங்கிட்டக் கேட்டா? எங்க ரேடியோ ஆளுங்க, புருஷன்காரன் அவளை வரவிடாமத் தடுத்துட்டான்னுல்ல சொன்னாங்க."

"எங்க லயத்துல, ரேடியோக்காரனோட ஓடிட்டான்னாங்க."

"யாரு சொன்னது?"

"அப்பாதான். நம்பாதவங்களுக்கு ரேடியோவைத் திருகி விட்டாரு. கேட்டுக்குங்க, கோலாலம்பூர்ல எவ்வளவு சந்தோஷமாப் பேசுறான்னு. அம்மா போனதுக்கு அப்புறம் பதிமூணு வெள்ளிக்கிழமை பேசினாங்க நானா. மொத்த லயமும் எங்க வாசல்ல உக்காந்து கேட்டுச்சு. காறித் துப்புச்சு. ஏழு வயசு எனக்கு. நானும் துப்பினேன்."

"உங்கப்பா?"

"அவரு கேக்க மாட்டாரு. சத்தத்தைக் கூட்டி வச்சுட்டு, முடியிற வரைக்கும் குழாயடியில போய் நிப்பாரு." உலு கிந்தா சாலையில் ஒரு லாரியை முந்தினாள். "ஊரு அவரைத் தப்பாப் பேசும் நானா. முரடன்னு சொல்லும். எனக்கு அப்படி இல்ல. அம்மா வராத அந்தத் திங்கக்கிழமை காலையில நான் கண்ணு முழிக்கிறேன், பாய் பக்கத்துல புதுச் சப்பாத்து. சிவப்பு. மேல வெள்ளைப் பூ. கால்ல போட்டா அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. ஈப்போவுல வாங்கினேன்னாரு. பொண்டாட்டி ஓடிப்போன அன்னைக்கும் புள்ளைய நெனச்ச மனுஷன். அதுக்காகத்தான் நான் கல்யாணம்கூட பண்ணிக்காம அவரைப் பாத்துக்கிறேன்."

ஜைனுலாப்தீன் பிடித்திருந்த கதவுப் பிடியை விட்டார். அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன நானா?"

"மொதல்ல அவரை மேல தூக்குவோம்."

கார் தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கியது.

பொட்டல் வெளி. செம்மண் குவியல். இயந்திரத்தின் இரும்புக் கை அந்தரத்தில் நின்றது. கிணற்றின் உடைந்த விளிம்பில் உடையப்பன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். துருப்பிடித்த ஆணிகளோடு ஒரு பலகை மூடி பக்கத்தில் கிடந்தது.

தேவன் ஓடி வந்தான். "விசித்திரமா இருக்கு அக்கா. வந்ததும் சீக்கிரம் மூடு, சீக்கிரம் மூடுன்னு என்னைய விரட்டினாரு. அந்த மூடியைத் தன் கையாலயே ஆணியடிச்சாராம், தெறக்காதேன்னாரு. நான் பேத்து எடுத்தேனா, அதுலேருந்து அங்கேயே உக்காந்துட்டாரு. எந்திரிச்சா அவ வந்துருவாளாம்."

"அப்பா!"

கிழவர் திரும்பவில்லை.

கொஞ்ச நாளாக வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர் சாப்பிடுவதில்லை. 'அவ பேசி முடிச்சுட்டாளா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அம்மாவின் குரலுக்கு ஏங்குகிறார் என்றுதான் நவமணி நினைத்தாள். அந்தக் குரலைக் காட்டினால் எழுந்து வருவார்.

"நானா, போனைக் குடுங்க."

"வேண்டாம்மா."

அவள் பிடுங்கிக்கொண்டாள். சத்தத்தை முழுக்கக் கூட்டி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

மழை இரைந்தது. எங்கோ ரயில் கூவியது. பிறகு அந்தக் குரல், ஈரமாக, வெகு பக்கத்தில்:

"கதவைத் திறங்க... நான்தான் வந்திருக்கேன்."

உடையப்பனின் தோள்கள் குலுங்கின.

"அப்பா, இங்க பாருங்க. அம்மா பேசுறாங்க. எந்திரிச்சு வாங்க."

அவர் திரும்பினார்தான். ஆனால் கைப்பேசி இருந்த பக்கம் இல்லை. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் குனிந்தார்.

"வராதே!" என்று கத்தினார். "இருளாயி, அங்கேயே இரு! மேல வராதே!"

சத்தம் உள்ளே உருண்டு, கீழிருந்து திரும்பி வந்தது. அந்த நொடியில் தேவன் பாய்ந்து, கிழவரின் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். செம்மண்ணில் கிடந்தபடியே உடையப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

நவமணி குரலை நிறுத்தினாள். அவர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்கள் கிணற்றை விட்டு நகரவில்லை.

இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்த தேவன் கேட்டான். "அக்கா, மூடவா? நீங்க சொன்னாத்தான்."

அவள் அப்பாவின் கண்கள் நிலைத்திருந்த கிணற்றைப் பார்த்தாள்.

ஜைனுலாப்தீன் மெல்ல வந்து பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சி, நாடகம் அந்தந்த வாரத்துக்கு அப்பப்ப பேசிப் பிடிக்கிறதுன்னு நீங்க எல்லாரும் நெனச்சுட்டீங்க. கதாநாயகனா நடிச்சவரு ஊருக்குக் கப்பலேற இருந்தாரு. அதனால மிச்சமிருந்த பதிமூணு வாரத்தையும் ஒரே சனி ஞாயித்துல பேசி நாடாவுல பிடிச்சுட்டோம். அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி நான்தான் அவளை மெயில் ரயில்ல ஏத்திவிட்டேன்."

நவமணியின் கை தானாக உயர்ந்தது. மூட வேண்டாம் என்று தேவனுக்குக் காட்டியது. இயந்திரம் இருமி அடங்கியது.

"வழியில எங்கயாச்சும் இறங்கியிருக்கலாம்தானே நானா?" அவள் குரல் கெஞ்சியது. "தாப்பாவுல... வேற எங்கயாச்சும். வீட்டுக்கு வராமலே போயிருக்கலாம்தானே?"

ஜைனுலாப்தீன் அவள் கால்களைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல என்னையக் கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போனா. முந்தானையில ஒரு நூலு முடிஞ்சு வச்சிருந்தா, உன் பாதத்தை அளந்து வெட்டினது. நாலு கடை ஏறி இறங்கினோம். ரயில் கிளம்புற வரைக்கும் அந்தப் பொட்டியை மடியில வச்சுத் தடவிக்கிட்டே இருந்தா. சிவப்புச் சப்பாத்து. மேல வெள்ளைப் பூ."