வேஸ்னா திரும்பி வந்த அத்தியாயம்

அந்த மூன்று புத்தகங்களையும் நான் வாசிக்கவில்லை. மாமாவின் மகள் முஸ்பிறா மச்சி எனக்குச் சொன்னாள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அவள் கம்பஸில் ஆங்கிலம் படிக்கிறாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கதை சொல்லுவாள். நானும் உம்மாவும் கீழே பாயில் இருந்து, கடைக்காரர் கூலிக்குத் தந்த அபாயா உடுப்புகளின் கைகளில் மினுக்குக் கல் ஒட்டிக்கொண்டிருப்போம்.

மலையுச்சியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகள் காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் படிக்கிறார்கள். வேஸ்னா என்ற பிள்ளைக்கு மட்டும் ஆட்கள் முன்னால் குரல் வராது. ஒருநாள் எல்லோரும் சிரிக்க, அவள் மலைப்படிகளில் இறங்கிப் போய்விடுகிறாள்.

அந்த இடத்தில் என் கையில் இருந்த பசை துணியில் கொட்டிவிட்டது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னார்கள், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த நாள் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றேன். அதற்கடுத்த நாளும் வயிற்றுவலி. பிறகு காரணம் சொல்லவும் தேவைப்படவில்லை.

மூன்றாவது புத்தகத்தின் கடைசியில் வேஸ்னா திரும்பி வருகிறாள் என்று மச்சி சொன்னாள். வயது கூடிய பிள்ளையாக, சின்னப் பிள்ளைகளோடு போய் வகுப்பில் இருக்கிறாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை தன் மைக்கூட்டை அவள் பக்கம் தள்ளி வைக்கிறது.

"மறுகா?" என்று, பிறகு நடந்ததைக் கேட்டேன்.

"மறுகா என்ன, படிச்சாள்."

அந்த மைக்கூட்டை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து, பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கப் போகிறேன் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தா.

பரீட்சைக்குச் சில மாதம் இருக்கும்போது அந்தக் கதை தொடராக வந்தது. அடியில் தமிழ் எழுத்துப் போட்டு, வாரத்துக்கு ஒரு பகுதி. லீவில் நின்ற மச்சியும் நானும் என் ஃபோனில் தலையோடு தலை முட்டப் பார்த்தோம். முதல் பகுதியிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு ஆசிரியர்களை ஒரே ஆளாக்கியிருந்தார்கள். காற்றை அடைத்து வைக்கும் கண்ணாடிக் குடுவைகள் இரும்புப் பெட்டிகளாகியிருந்தன.

"புத்தகத்த அப்பிடியே எடுத்தா ஆரு பாக்கிற? மூணு மணித்தியாலம் படி ஏறிக்கிட்டே இரிப்பாங்க" என்றாள் மச்சி.

"ஏறட்டுமே. எழுதினவங்க ஏறத்தானே சொல்லிரிக்காங்க."

"ஒன்னையெல்லாம் டைரக்டராப் போட்டா படம் முடியிறதுக்குள்ள நமக்குப் பேரப்புள்ளையள் வந்திரும்கா."

"மாத்தினா மாத்தின எண்டு சொல்லணும் மச்சி."

"சொல்லிரிக்காங்களே. தொடக்கத்தில பாரு, தழுவியது எண்டு போட்டிரிக்கி."

கடைசிப் பகுதி வரும் வாரம் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஃபோனில் மட்டும், "அதப் பாக்காத சிபானா, நல்லா இல்லையாம். சோதினை முடியட்டும்" என்றாள். நான் பார்த்தேன். புயல் வந்தது, பள்ளி காப்பாற்றப்பட்டது, எல்லோரும் அழுதார்கள். வேஸ்னா வரவேயில்லை.

அந்தத் தொடருக்கென்று முகநூலில் ஒரு தமிழ்க் குழு இருந்தது. ரோசாப்பூப் படமும் வேறு பெயரும் வைத்து அதில் சேர்ந்திருந்தேன், ஒருநாளும் ஒரு சொல் எழுதியதில்லை. அன்று எழுதினேன். 'மூன்றாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் வேஸ்னா திரும்பி வருகிறாள். அதை வெட்டியது எழுதியவருக்குச் செய்த துரோகம். குடுவையைப் பெட்டியாக்கலாம், ஒரு பிள்ளையின் முடிவை மாற்றக்கூடாது.'

சிரிக்கிற முகங்கள்தான் முதலில் வந்தன. பிறகு பவிதரன் என்ற ஒருவர் எழுதினார். 'தங்கச்சி எந்தப் புத்தகம் வாசிச்சீங்க? முழுத் தொடரிலயும் புத்தகத்த மாத்தாத ஒரே இடம் இதுதான்.' கீழே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்.

அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். வேஸ்னாவைப் பற்றி இரண்டே வரிகள். அவள் படிகளில் இறங்கினாள். அதன் பிறகு பள்ளியில் ஒருவரும் அவளைப் பற்றிக் கேட்கவில்லை.

என்னைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. எங்கோ இருக்கிற அந்த எழுத்தாளருக்கு அது தெரிந்திருந்தது.

ஃபோனை எடுத்துக்கொண்டு மச்சியின் வீட்டுக்குப் போனேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைக் காட்டினேன். பார்த்தவள் கட்டிலில் இருந்துவிட்டாள்.

"மைக்கூடு?" என்று கேட்டேன்.

"நான்தான் வச்சன்."

"எல்லாமா?"

"வேஸ்னா போறது வரைக்கும் புத்தகத்தில உள்ளதுதான். மத்தது..." நிறுத்தினாள். "ஒன்ட உம்மா, மாமிதான் சொன்னா. என்னத்தயாவது சொல்லி அவள எழும்பப் பண்ணு மனே, நான் சொன்னாக் கேக்கிறாள் இல்ல எண்டு அழுதா. நான் என்ன செய்ற?"

அப்படியென்றால் பாயில் என் பக்கத்தில் இருந்து கல் ஒட்டிய உம்மாவுக்கும் தெரியும். 'அந்தப் புள்ள பள்ளிக்கூடம் போய்ட்டாளா?' என்று ஒருநாள் உம்மா கேட்டபோது, உம்மாவுக்கும் கதை பிடித்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன். இருவரும் சேர்ந்து, பிள்ளைக்கு வாழைப்பழத்துக்குள் மருந்துக் குளிசை வைப்பதுபோல வைத்திருக்கிறார்கள்.

"ஒன்ட நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றாள்.

"தழுவியது எண்டு ஒரு சொல்லு சொல்லியிரிக்கலாமே மச்சி."

"சொன்னா நீ விண்ணப்பம் போட்டிரிப்பயா?"

அந்தக் கேள்வி எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

"நான் உலகத்துக்கு முன்னால போய்ச் சண்டை பிடிச்சன். திரும்பியும் எல்லாரும் சிரிச்சாங்க. இந்த முறை சிரிக்க வச்சது நீங்க."

அவள் அழுதாள். நான் அழவில்லை. எழும்பி வரும்போது பின்னாலிருந்து, "திங்கக்கிழம சோதினைக்குப் போவாய்தானே? சிபானா, போவாய்தானே?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். இந்தக் கதையிலாவது முடிவு அவள் கையில் இல்லை.

உம்மாவோடும் பேசவில்லை. உம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "அல்லாஹ்வுக்காக ஒரு வார்த்த சொல்லு புள்ள" என்றா. நான் தின்றுவிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவினேன்.

திங்கட்கிழமை உம்மா மீன் வாங்கப் போன நேரம் பார்த்து வெளியே இறங்கினேன். சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் தனியாகப் போனேன். பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசையில் இருந்த பெண் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. யாரும் யாருக்கும் எதையும் தள்ளி வைக்கவில்லை. என் விரல் வேர்த்துப் பேனை வழுக்கியது. துடைத்துத் துடைத்து எழுதினேன். ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். மற்றவை எல்லாம் எழுதினேன்.

திரும்பி வரும்போது மச்சி எங்கள் வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் உம்மா, கழுவாத கையில் மீன் வாசத்தோடு.

"எப்பிடிகா?" என்றாள் மச்சி.

"என்னது எப்பிடி?"

"பேப்பர்."

"எந்தப் பேப்பர்?"

அவள் முகம் வெளுத்தது. உம்மாவைப் பார்த்தாள், உம்மா என்னைப் பார்த்தா. நான் இருவரையும் கடந்து உள்ளே போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாயை விரித்து, மிச்சமிருந்த அபாயாவில் கல் ஒட்டத் தொடங்கினேன்.