இடது பக்கக் கயிறு

1

இரண்டு நாளாகத் தோள்பட்டை கையைத் தூக்கவிடவில்லை. கட்டடத்தில் ஏறி நிற்கும் சாரத்துக்கு இரும்புக் குழாய் சுமந்த வலி. இந்தக் கையோடுதான் எழுதுகிறேன். வரி கோணினால் கோணட்டும்.

கதை வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் தம்பி மனைவி என் வாசலில் வந்து நின்றாள், இடுப்பில் ஐந்து மாதக் குழந்தையோடு.

"மாமா, உங்க தம்பி இவளை இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கல. பொம்பளப் புள்ளைன்னு வெறுப்பா? கேட்டா கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறார், வாத்தியார்கிட்ட மாட்டுன மாதிரி."

"அவனுக்குப் பயம்மா."

"ஏழு கிலோ புள்ளைக்கா? என்னைத் தொடவும்தான் பயப்படுறார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் எங்கம்மா வீடு."

2

தொடக்கம் ஒன்று: அவன் காவலாளி. கைக்கு வேலையில்லாத வேலையாகத் தேடிப் பிடித்தவன்.

(கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. அடித்துவிட்டேன். ஆனால் உண்மை.)

தொடக்கம் இரண்டு: அப்பா சாரம் கட்டுபவர். ஒருநாள் மேல்பலகையின் இரு முனைகளையும் கயிற்றால் எங்களைக் கட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தம்பிக்கு எட்டு வயது, எனக்குப் பதினொன்று. ஆளுக்கொரு முனை. அவர் திரும்பி வந்து ஏறினார். ஒரு முடிச்சு அவிழ்ந்து பலகையே சரிந்தது. தம்பி கண்ணைப் பொத்திக்கொண்டான். நான் பார்த்தேன். அப்பா பிழைத்தார், இடுப்புக்குக் கீழே பிழைக்கவில்லை.

"எவன்டா கட்டுனது?" என்றாள் அம்மா.

தம்பி அழுதான். அழுதவனே கட்டியவன் ஆனான். பிறகு அப்பாவைப் புரட்டித் துடைக்கும்போதெல்லாம் அவனைப் பார்த்துச் சொல்வாள்: "உன் கை பட்டா எதுவும் விளங்காது." அப்பா சாகும்வரை, பதினான்கு வருடம்.

[அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இங்கே ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

3

முடிவு அ: தம்பி குழந்தையை இரண்டு கையாலும் வாங்கி

(இதற்குமேல் போகவில்லை. நான்கு முறை முயன்றேன்.)

முடிவு ஆ: பஸ் கிளம்புகிறது. கையைப் பின்னால் கட்டியபடி அவன் நிற்கிறான்.

(இது ஒரே மூச்சில் வந்துவிட்டது.)

நேற்று அவனைப் பார்க்கப் போனேன். கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து.

"புள்ளையத் தூக்கேன்டா."

"வேணாம்ணா. அவளாவது நல்லா இருக்கட்டும்."

"சின்ன வயசுல நடந்ததை இன்னுமா..."

"நான் கட்டுனதுதானே அவுந்துச்சு? நான்தான் கண்ணைப் பொத்திக்கிட்டேன். நீ பாத்தியேண்ணா."

"வா, டீ குடிப்போம்" என்றேன்.

4

இன்று ஞாயிறு. இந்நேரம் அவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள். எந்த முடிவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். அ-வை எழுதி முடிக்க ஒரு செய்தி அவனுக்குத் தெரிய வேண்டும். அவனிடம் சொல்ல வாய் வராததால் உங்களிடம் சொல்கிறேன்.

தம்பி கட்டிய வலது முனை கடைசிவரை அசையவில்லை. அவிழ்ந்தது இடது முனை. அதைக் கட்டியவன் நான். இதை அவனிடம் சொல்ல வேண்டிய கடன் இருபத்தாறு வருடமாக என்னிடம் இருக்கிறது. இன்னும் தீர்க்கவில்லை.