அடக்கம் ஆகாத பித்தப்பை

கல்லாக இருந்தால் உருண்டிருக்கும். பதுருன்னிஸாவை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி டாக்டர் ஜெப்ஸி மறுபடியும் ஸ்கேன் பார்த்தார். பித்தப்பைக்குள் இருந்தது அசையாமல் சுவரோடு ஒட்டி நின்றது.

"அபூர்வமான கட்டிம்மா. விட்டா கேன்சர் ஆகலாம். ஏற்கெனவே ஆயிடுச்சான்னு, பையோட எடுத்து லேப்ல வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

அன்று சவூதியின் தம்மாமிலிருந்து கணவன் ஃபைசல் போனில் கேட்டான், "நான் வரட்டுமா?"

பதினோரு வருஷமாகச் சொல்லும் 'வர வேண்டாம்' என்ற பதிலையே சொன்னாள். "சின்ன ஆபரேசன்தான் மச்சான். நீங்க எதுக்கு லீவக் கெடுத்துக்கிட்டு?"

வைத்தபிறகு, காயல்பட்டினத்து வீட்டில் அவனுடைய சட்டை தொங்கும் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேன்சர் என்று வந்தால் வந்துவிடுவான். நினைத்த மறுகணமே வாயில் அடித்துக்கொண்டாள்.

தூத்துக்குடியில் ஆபரேசன் முடிந்த மூன்றாம் நாள் ஜெப்ஸி வேகமாக வார்டுக்குள் வந்தார்.

"பித்தப்பை போட்ட பாட்டில் இன்னும் லேபுக்கு வரலயாமே! யார்ட்ட குடுத்தாங்க?"

எதிர்த்தெரு லேபில் கொடுக்கச் சொல்லி நர்ஸ் கொடுத்தது, பதுருன்னிஸாவின் அண்ணன் காஜா காக்காவிடம். அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

"உடம்புல இருந்து எடுத்தத அடக்கம் பண்ணணும்லா டாக்டர். அதுக்குத்தான் தாராங்கன்னு நெனச்சிட்டேன்."

"ஐயோ, புதைச்சிட்டீங்களா?"

"இல்ல. பொண்டாட்டி உடம்பாச்சே, மாப்பிள்ளைட்ட ஒரு வார்த்த கேக்கணும்லா? மூணு நாளா போன் அடிக்கேன், எடுக்க மாட்டுக்காரு. கடலுக்குள்ள எண்ணெய்க் கெணத்துல வேலையாம், டவர் கிடைக்காது. பாட்டிலு எங்க வீட்டு மோட்டார் ரூம்ல இருக்கு."

"மருந்துத் தண்ணியிலதான கெடக்கு? தப்பிச்சோம். ஓடுங்க அண்ணாச்சி! மண்ணுக்குள்ள போயிருந்தா நான் எதப் பாத்துச் சொல்ல?"

பதுருன்னிஸாவுக்குச் சிரிப்பு வந்தது, தையல் இழுத்தது. அவன் எடுக்காத போனுக்காக எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள். நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.

எட்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கட்டியில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, ஆனால் கேன்சர் ஆகவில்லை. எடுத்ததோடு சரி, வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் போதும் என்றார் ஜெப்ஸி. சோதித்தது போக மிச்சத்தை எழுதிக் கொடுத்துக் கேட்டு, அதே பாட்டிலில் காஜா வாங்கி வந்தார்.

சாயங்காலம் கரைக்கு வந்த ஃபைசல் கூப்பிட்டான். "அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நான் வர வேண்டாம்லா?"

வீட்டுக் கொக்கியில் அவன் சட்டை லேசாக ஆடியது.

"அடக்கம் பண்ண ஒங்கள்ட்ட கேக்கணுமாம், காக்கா சொல்லுதாங்க."

"போன்லயே சொல்லுதேனே, பண்ணட்டும்."

"போன்ல ஆகாது. நீங்க வந்துதான் பண்ணணும்."

"ஏளா, நான் வார வரைக்கும் அது தாங்குமா?"

"அது மருந்துத் தண்ணியில கெடக்கு மச்சான், எத்தன மாசமும் தாங்குமாம்." ஆடிய சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் தாங்க மாட்டேன். வாங்க."