தன் கணவராகத் தொடர்ந்த ராஜபுஷ்பம்

இந்த நாட்டில் கணவர் இறந்துபோனால், வெளிநாட்டிலிருந்து வந்த மனைவி விரும்பினால் அந்தக் கணவராகவே தொடரலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அதிகம் பேர் கேட்பதில்லை. கேட்டவர்களுக்கு மறுத்ததும் இல்லை.

நான் துறைமுகத்தை ஒட்டியுள்ள குடியேற்ற அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பெயர் பிரம்மநாயகம். அம்பாசமுத்திரத்துக்காரன். வாலிபத்தில் ஒரு கப்பலில் சமையல்காரனாக இங்கே வந்தேன். நான் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் கப்பல் போய்விட்டது. அப்படியே தங்கிவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ராஜபுஷ்பம் அலுவலகத்துக்கு வந்தது பனி விழத் தொடங்கியிருந்த நாள்களில். சாத்தான்குளத்துப் பெண். நாற்பதைத் தாண்டியிருக்கும். அவள் கணவர் தவசிலிங்கம் ஆற்றுப் பாலத்தில் வேலை பார்த்தார். படகுகள் வரும்போது பாலம் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் மேலே எழும்; அதை எழுப்புவதும் இறக்குவதும் அவர் வேலை. பாலத்தை எழுப்பிய நிலையிலேயே, இயக்கும் அறையில் உட்கார்ந்தபடி இறந்துபோனார். படகெல்லாம் போன பிறகும் பாலம் இறங்காததால்தான் ஆட்கள் மேலே ஏறிப் போய்ப் பார்த்தார்கள்.

அதிகாரி லின்வால் அம்மையார் அவளை உட்காரச் சொல்லி, இருக்கும் வழிகளை நிதானமாக விளக்கினார். கணவரை இழந்த மனைவிக்கு உதவித்தொகை உண்டு, வீடு உண்டு, குளிர்காலம் முழுக்க விறகு உண்டு. ஆனால் இதெல்லாம் இங்கே வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்கு. வசிக்கும் உரிமையோ கணவர் இருப்பவர்களுக்கு.

நான் தமிழில் சொன்னேன். புஷ்பத்துக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்ப, அவங்க இருந்தாத்தான் அவங்க இல்லாததுக்கு உதவி கிடைக்கும். அப்படித்தானே அண்ணாச்சி?"

அதைத் திருப்பிச் சொன்னபோது லின்வால் அம்மையார் மகிழ்ந்துபோனார். இத்தனை சீக்கிரம் யாரும் புரிந்துகொண்டதில்லை என்றார்.

ஊருக்குத் திரும்பலாம், பயணச் செலவை அலுவலகம் ஏற்கும். இல்லையென்றால் புதன்கிழமைகளில் வெளி பெஞ்சில் சில ஆண்கள் வந்து உட்காருவார்கள், அவர்களில் ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம். அன்று புதன்கிழமைதான். புஷ்பம் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த ஒருவர் மரியாதையாகத் தொப்பியை எடுத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாவம், நல்லவராத்தான் தெரியுதாரு," என்றாள். "வேற என்ன இருக்கு?"

வேறு இருந்தது கணவராகத் தொடர்வது.

மொழிபெயர்ப்பாளர் யோசனை சொல்லக் கூடாது. இருந்தாலும் கேட்டேன்: "ஏம்மா, ஊருக்கே போயிரலாம்லா? கூடப் பொறந்தவங்க இருப்பாங்கல்லா?"

"இருக்காங்க அண்ணாச்சி. ஆனா அங்க எங்க ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தவங்க யாரு? தாலி கட்டின கையோட கூட்டிட்டு வந்துட்டாங்க. நாங்க குடும்பம் நடத்தினதப் பாத்தது இந்த ஊருதான். மீன் கடைக்காரிக்குத் தெரியும், பஸ் ஓட்டுதவருக்குத் தெரியும். அங்க போயி நான் நல்லா வாழ்ந்தேன்னு சொன்னா, நான் சொல்லுதது மட்டும்தான். ஆமான்னு சொல்ல ஒரு ஆளு வேண்டாமா?"

பிறகு லின்வால் அம்மையாரைப் பார்த்துச் சொன்னாள்: "அவங்களாவே இருந்துக்கிடுதேன்."

தவசிலிங்கத்தின் வேலைக் கோட்டு அலுவலகத்தில் இறந்தவர்களின் உடைமைகளை வைக்கும் அறையில் இருந்தது. தொப்பியோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். தடித்த நீலக் கம்பளிக் கோட்டு. அவளுக்குக் கணுக்கால் வரை வந்தது. கோட்டு போட்டிருக்கும்போது தவசிலிங்கம், கழற்றினால் ராஜபுஷ்பம் என்று லின்வால் அம்மையார் சொன்னார். பாதி போட்ட நிலையில் யாரிடமும் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை தவசிலிங்கம் வேலைக்குப் போனார். கூட வேலை பார்ப்பவர்கள் கை குலுக்கினார்கள். ரொம்ப இளைத்துவிட்டாய், நன்றாகச் சாப்பிடு என்று ஒருவர் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். பாலத்துக்குத்தான் கொஞ்சம் தயக்கம். ஒரு பக்கம் எழுந்தது; மறுபக்கம் அப்படியே கிடந்தது. தவசிலிங்கம் தொண்டையைச் செருமினார். அதற்குப் பிறகு மறுபக்கமும் எழுந்தது.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தவசிலிங்கம் கதவைத் திறந்து, "வாங்கண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, பூட்ஸை நடுவீட்டில் கழற்றிப் போடுவார். பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் புஷ்பம் பூட்ஸைப் பார்ப்பாள்.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன், வாசல்ல கழத்துங்கன்னு! வீடெல்லாம் சகதி. பாருங்கண்ணாச்சி, இவங்கள வச்சிக்கிட்டு நான் படுத பாட்டை."

சற்று நேரம் இடுப்பில் கை வைத்தபடி நிற்பாள். அப்புறம் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வாள். தவசிலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே பூட்ஸை வாசலுக்குக் கொண்டுபோவார். கோட்டு மறுபடி ஆணிக்குப் போனதும் எனக்குச் சொதி பரிமாறப்படும். கூட இஞ்சித் துவையலும் இருக்கும். இந்த நாட்டில் தேங்காய் கிடைப்பதில்லை. அந்தச் சொதியில் தேங்காய்ப்பால் இருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை.

குளிர் உச்சத்தில் இருந்தபோது அலுவலகத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. கணவரின் உரிமையை வைத்து மனைவி இங்கே தங்குகிறாள் என்றால், அந்தக் கல்யாணம் நிஜமானதுதானா என்று பார்ப்பது அலுவலகத்தின் கடமை. இங்கே தங்குவதற்காகவே கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. தவிர, இலையுதிர் காலத்துக்குப் பிறகு இந்தக் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக யாரும் பார்க்கவில்லை.

வழக்கமாகத் தம்பதியைத் தனித்தனி அறைகளில் வைத்து ஒரே நேரத்தில், ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். பதில் ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவர்கள் விஷயத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கேட்கலாம் என்று சலுகை கொடுத்தார்கள். இரண்டு அறைக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஓர் அறையில் கேட்டதை அடுத்த அறையில் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள்.

முதல் அறையில் புஷ்பம் உட்கார்ந்தாள். கோட்டு வெளியே தொங்கியது. கையில் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் நீங்கள் என்ன குடிப்பீர்கள்?

"டீ. ரெண்டு கரண்டி சீனி போட்டு."

கணவருக்குப் பிடித்த சாப்பாடு?

"சீலா மீன் குழம்பு. இங்க சீலா எங்க இருக்கு? இந்த ஊரு மீனைப் போட்டு வைப்பேன். சீலான்னு நெனச்சிக்கிட்டுச் சாப்பிடுவாங்க."

கட்டிலில் நீங்கள் எந்தப் பக்கம்?

"சுவத்துப் பக்கம்."

முதல் சண்டை எதற்கு?

"வந்த புதுசுல, காத்து வரட்டும்னு ராத்திரி பூரா ஜன்னலத் தெறந்து வச்சிட்டேன். விடிஞ்சு பாத்தா தலையணையெல்லாம் பனி. அவங்க கத்தினாங்க, நானும் கத்தினேன். ரெண்டு நாளு முகம் கொடுத்துப் பேசல."

உங்கள் பிறந்தநாள்?

"ஆடிப் பெருக்கு அன்னைக்கு. யாராலயும் மறக்க முடியாது."

புஷ்பம் எழுந்து போனாள். அடுத்த அறையில் தவசிலிங்கம் வந்து, முழங்காலை அகட்டி உட்கார்ந்து, தொப்பியைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். அதே கேள்விகள். எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. பதில்கள் ஒத்துப்போகத்தானே செய்யும்.

மனைவி காலையில் என்ன குடிப்பார்?

"டீதான். சீனி போட மாட்டா. உடம்புக்கு ஆகாதுன்னு விட்டுட்டா."

உங்களுக்குப் பிடித்த சாப்பாடு?

"அவ எது வச்சாலும் பிடிக்கும்னு எழுதிக்கிடுங்க."

மனைவி கட்டிலில் எந்தப் பக்கம்?

"தெரியலயே. நான் தலைய சாச்சா தூங்கிருவேன்."

முதல் சண்டை?

"சண்டையா? எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்லையே."

மனைவியின் பிறந்தநாள்?

தவசிலிங்கம் கூரையைப் பார்த்தார். தொப்பியின் விளிம்பைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்து, கெஞ்சுகிற மாதிரி, "தை மாசம்… இல்ல, மாசியா அண்ணாச்சி?" என்றார்.

ஆடிப் பெருக்கு என்று என் வாய் வரை வந்துவிட்டது. ஆனால் சத்தியம் செய்திருந்தேன். மாசி என்றே மொழிபெயர்த்தேன்.

லின்வால் அம்மையார் இரண்டு பதில் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் கனிந்துகொண்டே வந்தது.

"எல்லாம் ஒத்துப்போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இரண்டு அறையிலும் ஒருத்தியே உட்கார்ந்து பதில் சொன்னதாக ஆகியிருக்கும்," என்றார். "இவர் நிஜமான கணவர். என் வீட்டுக்காரரும் மாசி என்றுதான் சொல்லியிருப்பார்."

கணவரிடம் மட்டும் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது. மனைவியிடம் சொல்லாமல் வைத்திருப்பது எது?

தவசிலிங்கம் குனிந்துகொண்டார். தொப்பியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் பாலத்தைத் தூக்குதத வந்து பாருன்னு எத்தனையோ தடவ கூப்பிட்டிருக்கேன். இரும்பு மேல போறதப் பாக்க நான் எதுக்கு, குளிருதும்பா. ஆனா வருவா. மீன் வாங்கப் போற சாக்குல வந்து, அக்கரையில வெளக்குக் கம்பத்துக்குப் பின்னால நிப்பா. செவப்புக் கம்பளித் துண்டு தலையில. மேலருந்து எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரியே இருந்துக்கிடுவேன். பாத்துட்டேன்னு தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டு அப்புறம் வர மாட்டா."

தொப்பியைத் தொடைமேல் திருப்பி வைத்தார்.

"சில நாளு படகே வராது. அவ அந்தக் குளிர்ல நின்னுக்கிட்டே இருப்பா. வெறுங்கண்ணோட அனுப்ப மனசு வராம, சும்மாவே ஒரு தடவ தூக்கி எறக்குவேன்."

படகு இல்லாமல் பாலத்தை எழுப்புவது இந்த ஊரில் குற்றம். லின்வால் அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம்," என்றார் என்னிடம்.

"மொழிபெயர்த்துவிட்டேனே அம்மா."

"என் காதில் விழாத அளவுக்கு மெதுவாக மொழிபெயர்த்தீர்கள்," என்றார்.

விசாரணை முடிந்தது. தவசிலிங்கம் தாழ்வாரத்துக்கு வந்து கோட்டைக் கழற்றினார். புஷ்பம் அதை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"அண்ணாச்சி, கடைசியா அவங்ககிட்ட ரொம்ப நேரம் என்னமோ கேட்டாங்களே. என்ன சொன்னாங்க?"

அறைகள் மூடியாகிவிட்டதால் சத்தியம் தீர்ந்திருந்தது. விளக்குக் கம்பம், சிவப்புத் துண்டு, எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். புதன்கிழமை ஆண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"சும்மாவா தூக்கினாங்க? எனக்காகவா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"நான் பாத்திருக்கேன் அண்ணாச்சி. படகையே காணோமே, எதுக்குத் தூக்குதாங்கன்னு நெனப்பேன். மிசின சரிபாக்குதாங்க போலன்னு வந்துருவேன்." சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் கொட்டியது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா, பாவி மனுசன்." கோட்டின் கைப்பகுதியை எடுத்துக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கோட்டுக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். முன்பு அவளைப் பார்த்துத் தொப்பியை எடுத்தவர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டிவிட்டு, தேவைப்படவில்லை என்று கண்டு திரும்ப மடித்துவைத்துக்கொண்டார்.

மாலைக்குள் உத்தரவு வந்தது. கணவர் இருப்பதால் ராஜபுஷ்பம் நிரந்தரமாக இங்கே வசிக்கலாம். கணவர் இறந்துவிட்டதால் உதவித்தொகையும் விறகும் உண்டு. தவசிலிங்கத்துக்குப் பாலத்தில் வேலை தொடரும்.

எழுந்து போகலாம் என்று இருந்தபோது லின்வால் அம்மையார் என்னை உட்காரச் சொன்னார்.

"உங்கள் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா?"

"இல்லை."

"அப்படியானால் சிக்கல் இல்லை. கணவன் மனைவி இருவர் பேச்சும் ஒரே நாளில் ஒருவர் வாய் வழியாக வந்தால், அவர் அவர்களுடைய பிள்ளை. விதி அப்படி."

புஷ்பம் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவள். அதுவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து என் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தாள்.

"ஏய்யா, இந்தக் குளிர்ல காத மூடாமயா வந்தே?"

கோட்டை மாட்டிக்கொண்டதும் அப்பா என் தோளில் தட்டினார். "ஏலே, அம்மா சொல்லுதால்ல. நட, வீட்டுக்குப் போவோம்."

நான் என் அறையைக் காலி செய்துவிட்டு அவர்களோடு போய்ச் சேர்ந்தேன். காலையில் அப்பாவோடு பாலம் வரை நடந்துபோய், அங்கிருந்து அலுவலகத்துக்குப் போகிறேன். ஆடிப் பெருக்கு வருவதை ஒரு வாரம் முன்பே அப்பாவுக்கு ஞாபகப்படுத்தும் பொறுப்பு எனக்கு. அப்பா பாலத்தில் இருக்கும்போது அம்மாவால் அக்கரைக்கு வர முடிவதில்லை என்பதால், படகு வராத நாள்களில் கம்பத்துக்குப் பின்னால் நான் போய் நிற்கிறேன். அப்பா எனக்காக ஒரு தடவை தூக்கி இறக்குகிறார்.

ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தால் பிடிவாதக்காரனாகிவிடுவேன் என்று இருவரும் பயப்படுகிறார்கள். அடுத்த பிள்ளைக்கு இன்னொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சொல்லிவைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் படித்த, மலையாளமும் தெரிந்த ஒரு பெண் போன வாரம் வந்து, சொதி சாப்பிட்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். தெருவைப் பார்த்த அறைதான் வேண்டும் என்கிறாள். கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தங்கச்சிதானே.